கலைக்கும் அதிகாரமும் மக்கள் தந்த தவணையும்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆந் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, இலங்கைப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதை அறிவிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. நான் அப்போது பாடசாலை மாணவன். மருதானையில் எமது வீட்டு விறாந்தையிலிருந்து வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாய்வழிப் பாட்டனார் எண்பது வயதைக் கடந்தவர். மருதானையிலுள்ள புகையிரதத் தலைமைக் காரியாலயத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். செய்தி முடிந்ததும் அவர், "தம்பி, இது எனக்குப் புதிதில்லை. அறுபதாம் ஆண்டு நாலு மாத இடைவெளியில் இரண்டு தரம் இரவு மெயிலில் ஊருக்குப் போய் வாக்குப் போட்டனான். முதற் போட்ட வாக்கு என்ன ஆனதெண்டு இண்டைவரைக்கும் ஆரும் எனக்குச் சொல்லேல்லை" என்றார்.

அன்று அது ஒரு முதியவரின் சலிப்பாகவே எனக்குப் பட்டது. பல்கலைக்கழகத்தில் இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றைப் பயிலத் தொடங்கிய பின்னரே, அவர் எழுப்பியது அரசறிவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று என்பது புலனாயிற்று. மக்கள் ஒரு குறித்த காலத்துக்கெனத் தமது பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்புகின்றனர். அக்காலத்தை இடையில் முறிக்கும் உரிமை யாருக்குண்டு? எக்காரணத்தின் பொருட்டுண்டு? அவ்வாறு முறிக்கப்படும்போது இழப்பு யாரைச் சார்கின்றது? இவ்வினாக்களை இலங்கையின் அனுபவங் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்ட நுணுக்கங்களை முற்றாக விரித்துரைப்பது எமது கருத்தன்று. அதிகாரம் கைமாறிய வரலாற்றையும், அதனால் சிறுபான்மையினர்க்கு நேர்ந்தவற்றையும் நோக்குவதே கருத்தாகும்.

முடியாட்சியின் எச்சம்

பாராளுமன்றத்தைக் கூட்டுதல், அமர்வை நிறுத்துதல், கலைத்தல் ஆகிய மூன்றும் இங்கிலாந்தில் முடிக்குரிய தனியுரிமைகளாகத் தோன்றியவை. மன்னன் தனக்குப் பணம் வேண்டியபோது பாராளுமன்றத்தைக் கூட்டினான்; அது முறைப்பாடுகளைப் பேசத் தொடங்கியபோது கலைத்தான். காலப்போக்கில் அவ்வதிகாரம் மன்னனின் பெயரிலேயே இருக்க, அதன் பயன்பாடு மட்டும் பிரதம மந்திரியின் ஆலோசனைக்கு உட்பட்டது. எழுதப்படாத மரபுகளே மன்னனின் கையைக் கட்டின.

சோல்பரி அரசியலமைப்பு இம்முறையை அவ்வண்ணமே இலங்கைக்குக் கொண்டுவந்தது. பிரதிநிதிகள் சபையின் ஆயுட்காலம் ஐந்தாண்டு. அதற்கு முன்னரே அதனைக் கலைக்கும் அதிகாரம் மகாதேசாதிபதிக்கு உரியது. எனினும் ஐக்கிய இராச்சியத்தில் முடிக்குரிய அதிகாரங்கள் எந்த மரபுகளுக்கிணங்கச் செலுத்தப்படுகின்றனவோ, அம்மரபுகளுக்கிணங்கவே மகாதேசாதிபதியும் ஒழுகவேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பழகி முதிர்ந்த வழக்கங்களை, அவ்வழக்கங்கள் வேரூன்றாத வேறொரு நாட்டில், சட்டத்தின் ஒரு வாக்கியத்தால் நட்டுவிடலாம் என்னும் நம்பிக்கை இதன்கண் காணப்படுகின்றது.

தொடக்கத்தில் இந்நம்பிக்கை சோதனைக்குள்ளாகவில்லை. 1952ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டி. எஸ். சேனநாயக்க காலமானதும் பிரதமரான டட்லி சேனநாயக்க, மக்களின் ஆணையை நாடிப் பாராளுமன்றத்தைக் கலைப்பித்து, அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் வென்றார். 1956இல் சேர் யோன் கொத்தலாவல, தவணை முடிவதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கவே தேர்தலுக்குச் சென்றார். அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களையே பெற்றது. 1959 செப்டெம்பரில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கொலையுண்ட பின்னர் பிரதமரான தகநாயக்கவும் அவ்வாண்டு டிசெம்பரில் கலைப்பையே நாடினார். இவை யாவற்றிலும் ஆலோசனை கூறியவர் பதவியிலிருந்த பிரதமர், ஏற்றவர் மகாதேசாதிபதி. அவையில் வேறொருவர்க்குப் பெரும்பான்மை உண்டா என்ற வினா எழவில்லை. அவ்வினா 1960இல் எழுந்தது.

இருபத்தைந்து நாட் பாராளுமன்றம்

1960 மார்ச்சு 19ஆந் திகதித் தேர்தலில் 151 தொகுதி உறுப்பினர்கள் தெரிவாயினர். ஐக்கிய தேசியக் கட்சி 50 ஆசனங்களையும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 46 ஆசனங்களையும் பெற்றன. வடக்குக் கிழக்கில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களைப் பெற்றது. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத அவையில், அரசாங்கத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல நிலை முதன்முறையாகத் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது.

அக்கட்சி அமைச்சர் பதவிகளைக் கேட்கவில்லை. நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. வடக்குக் கிழக்குக்குப் பிராந்திய சுயாட்சி அமைப்பு, அப்பகுதிகளில் அரசின் குடியேற்றத் திட்டங்களை நிறுத்துதல், தமிழ்மொழிக்கு நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் உரிய இடம், குடியுரிமை இழந்த மலையகத் தமிழர்க்கு நீதியும் அதுவரை நியமன உறுப்பினர் வழியாகப் பிரதிநிதித்துவமும் என்பனவே அவை. டட்லி சேனநாயக்க இவற்றை ஏற்க இணங்கவில்லை. பெரும்பான்மையின்றியே அவர் ஆட்சியமைத்தார்.

மார்ச்சு 30ஆந் திகதி அவை கூடியபோதே அரசாங்கத்தின் பலவீனம் வெளிப்பட்டது. சபாநாயகர் தெரிவில் அரசாங்க வேட்பாளர் தோற்க, ரி. பி. சுபசிங்க தெரிவானார். ஏப்பிரல் 22ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பிலும் அரசாங்கம் தோல்வியுற்றது. மறுநாளே பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதன் ஆயுள் இருபத்தைந்து நாள்.

ஈண்டு ஆழ்ந்து நோக்கற்பாலது ஏப்பிரல் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட அந்த ஒரு நாளேயாகும். மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகவின் முன் இரு வழிகள் இருந்தன. தோல்வியுற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்று அவையைக் கலைத்தல் ஒன்று. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் தலைவராயிருந்த சி. பி. டி சில்வாவை அழைத்து, அவரால் மாற்று அரசாங்கமொன்றை அமைக்க முடியுமா எனச் சோதித்தல் மற்றொன்று. சுதந்திரக் கட்சி ஆட்சியமைக்க ஆயத்தமாயிருந்தது. செல்வநாயகம் அவர்களின் கட்சியும், தன் கோரிக்கைகள் பற்றிய இணக்கத்தின் அடிப்படையில் ஆதரவளிக்க ஆயத்தமாயிருந்தது. மகாதேசாதிபதி முதல் வழியையே தெரிந்தெடுத்தார்.

இம்முடிவு மரபுக்கு முரணானதா? அவ்வாறு அறுதியிட்டுக் கூறல் எளிதன்று. பிரதமரின் ஆலோசனையை ஏற்பதே பொது வழக்கு என வாதிடுவோர்க்குச் சான்றுகள் உண்டு. 1926இல் கனடாவில் மகாதேசாதிபதி பிங், பிரதமர் மெக்கன்சி கிங்கின் கலைப்பு வேண்டுகோளை மறுத்து எதிர்க்கட்சித் தலைவரை அழைத்தார். அப்புதிய அரசாங்கம் சில நாட்களிலேயே வீழ்ந்தது. பின் நிகழ்ந்த தேர்தலில் கிங்கே வென்றார். இந்நிகழ்ச்சியை அறிந்த எவரும் மறுப்பதற்கு அஞ்சியிருப்பர். எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. டட்லி சேனநாயக்க அந்த அவையில் ஒரு நாளேனும் பெரும்பான்மையைப் பெற்றிருந்தவரல்லர். அவையின் நம்பிக்கையை ஒருபோதும் பெறாத ஒருவரின் ஆலோசனையின் பேரில், ஒரு மாதமேனும் நிறையாத அவை, மாற்றுவழி இருக்கிறதா எனச் சோதிக்கப்படாமலே கலைக்கப்பட்டது.

விளைவு யாதெனின், யூலை 20ஆந் திகதித் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்று, திருமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஆட்சியமைத்தது. தமிழரசுக் கட்சி முன்னையிலும் ஒரு ஆசனம் கூடுதலாக, 16 ஆசனங்களைப் பெற்றது. ஆயின் அக்கட்சியின் ஆதரவு இப்போது எவருக்கும் தேவைப்படவில்லை. ஏப்பிரலில் பேசிய கோரிக்கைகள் யூலையில் பேசப்படவில்லை. 1961 சனவரி தொடக்கம் சிங்களம் நிருவாக மொழியாக முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அதை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரியில் வடக்குக் கிழக்கிலே கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்பிரலில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அது அடக்கப்பட்டது.

என் பாட்டனாரின் வினாவுக்கு முதல் விடை இங்கேயே கிடைக்கின்றது. அவர் மார்ச்சில் அளித்த வாக்குக்குப் பேரம்பேசும் வலுவிருந்தது. யூலையில் அளித்த வாக்கு எண்ணிக்கையில் குறையவில்லை, வலுவில் குறைந்தது. பெரும்பான்மையினரின் கட்சி ஒரு தேர்தலில் தோற்பின் அடுத்த தேர்தலில் வெல்லலாம். சிறுபான்மையினரின் கட்சிக்கோ தனித்து வெல்லும் நாள் என்று ஒன்றில்லை. அதன் பலம் முழுவதும் ஓர் உயிருள்ள அவையின் எண்கணக்கிலேயே தங்கியுள்ளது. அவை கலையும்போது அப்பலமும் கலைகின்றது. எனவே கலைக்கும் அதிகாரம் பற்றிய வினா, சிறுபான்மையினர்க்கு வெறும் சட்ட வினாவன்று.

குடியரசும் காலக்கணக்கும்

1964 டிசெம்பரில் திருமதி பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீது 73க்கு 74 என ஒரே வாக்கால் தோற்றபோதும் கலைப்பே வழியாயிற்று. ஆயினும் 1972ஆம் ஆண்டில் இலங்கை குடியரசானபோது புதியதொரு சிக்கல் தோன்றியது. அக்குடியரசு பாராளுமன்ற முறையைத் தழுவியது. ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ பெயரளவிலான அரசுத் தலைவர். கலைக்கும் அதிகாரத்தையும் பிரதமரின் ஆலோசனைப்படியே செலுத்தவேண்டியவர். ஆகவே குறித்த காலத்துக்கு முன் கலைப்பது பற்றிய அச்சம் அன்று எழவில்லை. குறித்த காலத்தின் பின்னும் கலையாதிருப்பதே பிரச்சினையாயிற்று.

1970 மே மாதத்தில் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான உறுப்பினர்கள், புதிய அரசியலமைப்பின் கீழ்த் தம்மையே முதலாவது தேசிய அரசுப் பேரவையாக ஆக்கிக்கொண்டு, 1972 மே மாதத்திலிருந்து மேலும் ஐந்தாண்டு நீடித்தனர். மக்கள் ஐந்தாண்டுக்கு விட்ட குத்தகையை, குத்தகைகாரரே ஏழாண்டாகத் திருத்தி எழுதிக்கொண்டதற்கு இது ஒப்பாகும். இக்காலத்திலேயே செல்வநாயகம் அவர்கள் புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிறுவும் பொருட்டு, 1972 ஒக்டோபரில் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலை வேண்டினார். அவ்விடைத்தேர்தல் 1975 பெப்ரவரியிலேயே நடத்தப்பட்டது. இரண்டாண்டுக்கு மேலாக ஒரு தொகுதி மக்கள் தமது தீர்ப்பைச் சொல்வதற்குக் காத்திருந்தனர். தேர்தலின் காலத்தைத் தீர்மானிப்பவன் தேர்தலின் பொருளையும் பாதியளவு தீர்மானிக்கின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒருவரின் கைக்கு

1978 செப்டெம்பர் 7ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இரண்டாங் குடியரசு அரசியலமைப்பு, கலைக்கும் அதிகாரத்தின் தன்மையையே மாற்றியது. மக்களால் நேரே தெரிவாகும் நிறைவேற்று ஜனாதிபதியின் கையில் அவ்வதிகாரம் எவருடைய ஆலோசனையும் வேண்டாததாய் வைக்கப்பட்டது. முடிக்குரிய பழைய அதிகாரம் திரும்பி வந்தது. அதனைக் கட்டியிருந்த மரபுகள் உடன்வரவில்லை. உறுப்புரை 70 சில எல்லைகளை வகுத்தது உண்மையே. ஜனாதிபதி கலைத்ததன் பயனாக நடந்த பொதுத்தேர்தலின் பின் ஓராண்டு கழியுமுன், பாராளுமன்றமே வேண்டினாலன்றி, மீண்டுங் கலைத்தலாகாது. முதற் கூட்டத்தொடரின் அரசாங்கக் கொள்கையுரை நிராகரிக்கப்பட்ட காரணத்தால் கலைத்தலாகாது. ஜனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணையைச் சபாநாயகர் ஏற்ற பின்னர், உரிய நடைமுறை முடியுமுன் கலைத்தலாகாது. இவற்றுக்கு அப்பால் ஜனாதிபதியின் விருப்பமே அளவுகோலாயிற்று.

ஓராண்டுத் தடை என்பது பிரான்சின் ஐந்தாங் குடியரசிலும் உண்டு. ஆனால் பிரெஞ்சு மக்கள் அவ்வதிகாரத்தை நூறாண்டு ஐயத்துடன் நோக்கியவர்கள். 1877 மே 16ஆந் திகதி ஜனாதிபதி மக்மாகோன் தமக்கு உவப்பற்ற பிரதமர் யூல் சிமோனைப் பதவி விலகச் செய்து, அடுத்த மாதம் பிரதிநிதிகள் அவையையுங் கலைத்தார். தேர்தலில் மக்கள் குடியரசுவாதிகளையே மீண்டும் பெரும்பான்மையினராக அனுப்பினர். மக்மாகோன் 1879இல் பதவி துறந்தார். அதன்பின் 1940இல் மூன்றாங் குடியரசு முடியும்வரை எந்த ஜனாதிபதியும் அவ்வதிகாரத்தைத் தொடவில்லை. இதற்கு மாறாக, யேர்மனியின் வைமார் அரசியலமைப்பு ஒரே காரணத்துக்காக ஒருமுறையே கலைக்கலாம் என எல்லை வகுத்திருந்தும், ஹின்டன்பேர்க் 1930 யூலைக்கும் 1933 பெப்ரவரிக்கும் இடையில் நான்கு முறை அவையைக் கலைத்தார். எழுத்தில் உள்ள எல்லையும் அதனைக் காக்கும் நிறுவனமும் ஒருங்கே இல்லாதவிடத்து எல்லையால் பயனில்லை என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

இலங்கையில் புதிய அரசியலமைப்பின் முதற் சோதனை கலைப்பாக வரவில்லை, கலையாமையாகவே வந்தது. 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே. ஆர். ஜயவர்த்தன, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தில் தமக்கிருந்த ஆறிலைந்து பெரும்பான்மையைப் பொதுத்தேர்தலில் இழக்க விரும்பவில்லை. ஆகவே அவ்வவையின் ஆயுளை 1989 ஆகஸ்ட் வரை நீடிப்பதா என்பதை டிசெம்பர் 22ஆந் திகதி சர்வசன வாக்கெடுப்புக்கு விட்டார். விளக்குச் சின்னம் ஆம் என்பதற்கு. குடச் சின்னம் இல்லை என்பதற்கு. ஏறத்தாழ 54.7 வீதத்தினர் விளக்குக்கு வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோர் குடத்துக்கே வாக்களித்தனர்.

இந்நீடிப்பின் முழுப் பொருளும் அடுத்த ஆண்டிலேயே விளங்கிற்று. 1983 யூலை வன்செயல்களின் பின், ஆகஸ்டில் ஆறாந் திருத்தம் நிறைவேறியது. அது வேண்டிய சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். வட மாகாணத்தின் பதினான்கு தொகுதிகளிலிருந்தும் மக்கள் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள் அவையில் இல்லாமற் போயினர். 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தையடுத்து, மாகாண சபைகளை அமைக்கும் பதின்மூன்றாந் திருத்தம் விவாதிக்கப்பட்டபோதும் அவ்விடங்கள் வெறுமையாகவே இருந்தன. எந்த மக்களின் பிரச்சினையைத் தீர்ப்பதற்கென அத்திருத்தம் கொண்டுவரப்பட்டதோ, அம்மக்கள் தெரிந்தவர்கள் அதுபற்றி அவையில் ஒரு சொல்லேனும் பேசமுடியவில்லை. 1988 டிசெம்பர் 20ஆந் திகதியே அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

காலத்துக்கு முந்திய கலைப்பும் காலங்கடந்த நீடிப்பும் ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டிலும் மக்கள் வகுத்த தவணை ஆள்வோரின் வசதிக்கேற்ப அளக்கப்படுகின்றது.

இரு பெரும்பான்மைகளின் மோதல்

ஜனாதிபதியும் பாராளுமன்றமும் ஒரே கட்சியின் கையிலிருந்த வரை இவ்வதிகாரத்தின் கூர்மை வெளிப்படவில்லை. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையைச் சபாநாயகர் எம். எச். முகம்மது ஏற்றபோது, கலைக்க முடியாத நிலையில் ஜனாதிபதி அமர்வை நிறுத்தினார். பிரேரணை பின்னர் கைவிடப்பட்டது. 2001 யூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நம்பிக்கையில்லாப் பிரேரணை நெருங்கிய வேளை அமர்வை நிறுத்தினார். 2000 ஒக்டோபர் 10ஆந் திகதித் தேர்தலிலிருந்து ஓராண்டு நிறைவுற்ற அன்றே பாராளுமன்றத்தைக் கலைத்தார். அரசியலமைப்பு ஓராண்டுக்குள் கலைத்தலாகாது என்றது. ஓராண்டு நிறைந்த நாளிலேயே கலைக்கப்பட்டது. எல்லையாக விதிக்கப்பட்டது நாட்குறிப்பாகப் பயன்பட்டது.

2001 டிசெம்பர்த் தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணி 109 ஆசனங்களையும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 15 ஆசனங்களையும் பெற்றன. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் 2002 பெப்ரவரியில் விடுதலைப் புலிகளுடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்தது. 2003 ஒக்டோபர் இறுதியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை பற்றிய தம் முன்மொழிவுகளைக் கையளித்தனர். நவம்பர் 4ஆந் திகதி, பிரதமர் வாஷிங்டனில் இருக்க, ஜனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், தகவல் ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுக்களையும் தம் கைக்கு எடுத்தார். 2004 பெப்ரவரி 7ஆந் திகதி பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. அவையில் அரசாங்கம் தோற்றிருக்கவில்லை. அம்முன்மொழிவுகள் ஏற்கத்தக்கனவா என்பதில் இரு பக்கத்திலும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் அவற்றை ஏற்பதா, மறுப்பதா, திருத்துவதா என ஆராய வேண்டிய அவை ஆராயுமுன்னரே இல்லாதொழிந்தது.

புதுக்கடையில் ஒரு தீர்ப்பு

2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாந் திருத்தம் இவ்வனுபவங்களிலிருந்து கற்ற பாடமாகும். பாராளுமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டாகக் குறைத்த அத்திருத்தம், அதன் முதலாவது கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டு கழியுமுன், மூன்றிலிரண்டுக்குக் குறையாத உறுப்பினரின் தீர்மானத்தாலன்றி, ஜனாதிபதி அதனைக் கலைத்தலாகாது என விதித்தது.

அத்திருத்தத்தை முன்னின்று நிறைவேற்றிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே 2018 ஒக்டோபர் 26ஆந் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்ஷவை நியமித்தார். மறுநாள் அமர்வு நிறுத்தப்பட்டது. 225 பேர் கொண்ட அவையில் புதிய பிரதமருக்கு 113 பேரின் ஆதரவு உண்டா என்பதே நாட்டின் பேச்சாயிற்று. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 16 ஆசனங்கள் மீண்டும் தராசின் நடுவில் வந்தன. நியமனத்தை எதிர்த்து வாக்களிப்பதென அது நவம்பர் முற்பகுதியில் அறிவித்தது. சில நாட்களில், நவம்பர் 9ஆந் திகதி, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 1960இன் எண்கணக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின் திரும்பி வந்ததைக் காண்கின்றோம்.

ஆயின் இம்முறை முடிவு வேறாயிற்று. கட்சிகளும் பொது அமைப்புகளும் தனிநபர்களும் உயர் நீதிமன்றத்தை நாடினர். மனுதாரர்களுள் தேர்தல்கள் ஆணைக்குழு உறுப்பினரான பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூலும் ஒருவர். நவம்பர் 13ஆந் திகதி கலைப்பு இடைக்காலமாகத் தடுக்கப்பட்டது. டிசெம்பர் 13ஆந் திகதி, பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையிலான எழுவர் ஆயம், கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இரா. சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்னும் பெயராலேயே சட்ட அறிக்கைகளில் வழங்குகின்றது.

வழக்கின் மையம் இதுவாகும். உறுப்புரை 33 ஜனாதிபதியின் அதிகாரங்களுள் பாராளுமன்றத்தைக் கலைப்பதையும் எண்ணுகின்றது. அங்கே நான்கரை ஆண்டுத் தடை கூறப்படவில்லை. ஆகவே அது தனித்து நிற்கும் அதிகாரம் என்பது ஒரு சாரார் வாதம். அதிகாரம் உண்டு என்பதை ஓரிடம் கூறுகின்றது, அதனை எவ்வாறு செலுத்துவது என்பதை உறுப்புரை 70 கூறுகின்றது, இரண்டையும் இணைத்தே படித்தல் வேண்டும் என நீதிமன்றம் கொண்டது. முடியாட்சியின் எல்லையற்ற தனியுரிமை எதுவும் ஜனாதிபதியிடம் எஞ்சியிருக்கவில்லை என்பது இதன் சாரமாகும். டிசெம்பர் 16ஆந் திகதி ரணில் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார்.

மருதானையிலிருந்து புதுக்கடை நீதிமன்றத் தொகுதி நடந்துபோகக்கூடிய தூரமே. 1960இல் என் பாட்டனாரின் அலுவலகத்திலிருந்தும் அதே தூரந்தான். ஆனால் அன்று மகாதேசாதிபதியின் முடிவை அங்கு கொண்டுசென்று வினவலாம் என எவரும் எண்ணியதில்லை. அந்த வேறுபாடு சிறிதன்று.

எதிர்வாதங்கள்

இவ்விடத்து இரு எதிர்வாதங்களை நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும். கலைப்பு என்பது முடிவில் தேர்தலுக்கே வழிசெய்கின்றது. மக்களிடஞ் செல்வது எவ்வாறு சனநாயக விரோதமாகும் என்பது முதலாவது. 2018இல் இவ்வாதம் உரத்துக் கேட்டது. 1982இலும் மக்களிடமே சென்றனர் என்பதை இதற்கு விடையாகக் கூறலாம். அன்று மக்களின் வாக்கைக் கொண்டு தேர்தல் தவிர்க்கப்பட்டது. 2018இல் தேர்தலைக் காட்டிப் பாராளுமன்றத்தைத் தவிர்க்க முயன்றனர். மக்கள் முன்னர்க் கூறிய தீர்ப்பை மதியாதவர், அவர்களிடம் புதிய தீர்ப்பைக் கேட்பது மக்கள் மீதுள்ள மதிப்பாலன்று.

இரண்டாவது எதிர்வாதம் இதனினும் வலியது. தவணையைக் கடுமையாகக் காப்பின், மக்களின் நம்பிக்கையை இழந்த அவையும் காக்கப்படுமன்றோ? 2022இல் பொருளாதாரம் சரிந்து ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரும், 2020 ஆகஸ்டில் தெரிவான பாராளுமன்றம் தொடர்ந்தது; அதுவே யூலை 20ஆந் திகதி புதிய ஜனாதிபதியையும் தெரிவுசெய்தது. வீதியில் நின்ற மக்கள் அவ்வவையைத் தம்முடையதாகக் கருதவில்லை. இக்குறையை மறைத்தலாகாது. ஆயினும் இதற்குப் பரிகாரம் ஒருவரின் விருப்பத்துக்கு அதிகாரத்தை மீளக் கொடுப்பதன்று. அவை தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் வழியை எளிதாக்குவதேயாகும்.

2020இன் இருபதாந் திருத்தம் நான்கரை ஆண்டை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இன் இருபத்தோராந் திருத்தமும் அந்த இரண்டரை ஆண்டையே பேணியது. 2020 மார்ச்சில் கலைந்த பாராளுமன்றத்துக்குப் பதிலாகப் புதியது, பெருந்தொற்றின் காரணமாக, ஆகஸ்டிலேயே கூடியதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேலாக நாடு சட்டமன்றமின்றி இருந்தது. கலைப்பது ஒரு நாளிற் கூடும். மீளக் கூட்டுவது அத்துணை எளிதன்று.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் பெறப்படுவது யாது? கலைக்கும் அதிகாரம் 1948 முதல் மகாதேசாதிபதியிடமும், பிரதமரிடமும், ஜனாதிபதியிடமும் மாறி மாறி இருந்துள்ளது. யாரிடம் இருந்தது என்பதை விட, அதற்கு எல்லை இருந்ததா, அவ்வெல்லையைக் காக்க ஒருவர் இருந்தாரா என்பதே விளைவைத் தீர்மானித்தது. 1960இல் எல்லை மரபாக மட்டும் இருந்தது. 1982இல் எல்லையே திருத்தப்பட்டது. 2001இல் எல்லை ஒரு நாட்கணக்காகச் சுருங்கியது. 2018இல் மட்டுமே எல்லையும் இருந்தது, காவலும் இருந்தது.

தவணை என்பது ஆள்வோர்க்கு மக்கள் தந்த சலுகையன்று. மக்கள் தமக்கென வைத்துக்கொண்ட உரிமை. அதனை நீட்டுவதும் முறிப்பதும் அவ்வுரிமையில் கைவைப்பதாகும். எண்ணிக்கையிற் குறைந்த மக்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. அவர்களுடைய குரல் கேட்கப்படுவது பெரியோர் இருவரும் சமமாய் நிற்கும் அரிய வேளைகளிலேயே. அவ்வேளை வாய்த்ததும் அவை கலைக்கப்படுமாயின், அவர்கள் வாக்களிப்பது எண்ணப்படுவதற்கு மட்டுமே, கேட்கப்படுவதற்கன்று.

என் பாட்டனார் இன்றில்லை. 2018 டிசெம்பர்த் தீர்ப்பை அவர் கேட்டார்; "நல்லது" என்று மட்டுஞ் சொன்னார். மார்ச்சு மாத வாக்கு என்னாயிற்று என்னும் அவருடைய வினாவுக்கு இப்போது என்னால் விடை கூறமுடியும். அது தோற்கவில்லை, வென்றது. வென்றதனாலேயே செல்லாததாக்கப்பட்டது. இவ்விடையைச் சொல்வதற்கு அவர் இல்லையாதலின், இதனை இவ்விதழிற் பதிவு செய்கின்றேன்.